மாற்றுத்திறனாளிகள் கணக்கெடுப்பை எங்களிடமே கேட்டு மறுபடி எடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கீழே கையொப்பமிட்டுள்ள மாற்றுத்திறனாளிகள், கீழத் தெரு மற்றும் காலனி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: மாற்றுத்திறனாளிகள் ஊரோடு சேர்ந்து வாழ்கிறார்களா என்று எங்கள் ஊராட்சியில் எடுத்த கணக்கெடுப்பில் தவறான பதிவுகள் – திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஏற்கெனவே கொடுத்த மனுக்கள் (ரசீது நகல்கள் இணைப்பு).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மனுக்களுக்கு "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. ஏரிக்கரைச் சாலை, ரேஷன் கடை, அதை ஒட்டிய புது ஊராட்சிக் கட்டடம் எல்லாம் தாங்கள் நேரில் பார்த்தவை என்பதால், எல்லோர் சார்பாகவும் எழுதும் நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றபடியே என் தம்பியிடம்தான் எல்லாம் கேட்டார். தண்டுவடம் அடிபட்ட நான் அருகில் சக்கர நாற்காலியில் இருந்தேன். நான் பட்டதாரி, தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். "அவங்க வெளியே போவாங்களா?" "போவாங்க." தம்பி சொன்னது ஆஸ்பத்திரியை. டேப்லெட்டில் டிக் விழுந்துவிட்டது.

2. அடையாள அட்டை, மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை, சக்கர நாற்காலி எல்லாம் அரசு கொடுத்தவை. மனமார்ந்த நன்றி. ஆனால் வாசலில் சாக்கடைக்கு மூடி இல்லை. நாற்காலியை யாராவது தூக்கித் தாண்டிவிட்டால்தான் தெரு.

3. "கிராம சபையில் பங்கேற்கிறார்: ஆம்" என்று என் பெயருக்கு நேரே பதிந்திருக்கிறார்கள். ஐயா, எங்களை அதிகம் நோகடிப்பது இதுதான். கிராம சபை நடக்கும் ஊராட்சிக் கட்டடத்தின் தரை 2 அடி உயரம். 12க்கு 1 (1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம்) என்ற விதிப்படி சாய்தளம் 24 அடி நீளம் வேண்டும். கட்டியிருப்பது 6 அடிதான். அதில் ஏறினால் நாற்காலி பின்பக்கம் சாய்கிறது. பாதி நாள் பைக்குகள் நிற்கின்றன, மேலே போனால் பூட்டிய கிரில் கேட். ஒரு முறை, சாக்கடை மூடியைப் பற்றிப் பேசலாம் என்று போனேன். இரண்டு ஆண்கள் நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள். ஊரே பார்க்கச் சேலை விலகியது; சரிசெய்யக் கையை எடுத்தால் விழுந்துவிடுவேன். என் முறை வருவதற்குள் தீர்மானம் வாசித்து முடித்துவிட்டார்கள். அதன்பின் நான் போகவில்லை. இப்போது கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு) சேர வேண்டும் என்று வருகைப் பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் நூறு நாள் வேலையில் சிக்கல் வரும் என்று அம்மாவை மிரட்டுகிறார்கள். கூட்டத்துக்கே வர முடியாதவளின் கையெழுத்து, வந்தவர்கள் கணக்கில் எப்படி ஐயா சேரும்? அதைப் பார்த்து "ஆம்" என்று எழுதியவர் எங்களில் ஒருவரையாவது கேட்டாரா? எத்தனை மனுவில்தான் இதையே எழுதுவது?

4. காது கேளாத தம்பி ஒருவர் எல்லாக் கூட்டத்துக்கும் போகிறார். சைகை மொழியில் சொல்ல ஆள் இல்லை. அவரும் "ஆம்".

5. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 5 சமூகத்தில் வாழும் உரிமையைத் தருகிறது. பிரிவு 45, இருக்கிற பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த 5 ஆண்டுக்குள் சரிசெய்யச் சொல்கிறது. விதிகள் வந்தது 2017இல். எங்களுடையதோ அதற்கும் பிறகு கட்டிய கட்டடம்! பிரிவு 48, அரசுத் திட்டங்களால் எங்களுக்குப் பாதிப்பு வராமல் பார்க்கும் சமூகத் தணிக்கை பற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர் என்றது. எத்தனை பேர் என்று அதில் தெரியும். ஊரோடு சேர்ந்து வாழ்கிறோமா என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எடுத்த கணக்கும் இப்படிப் பொய்யாகப் போனால், எங்கள் ஊரில் குறையே இல்லை என்றுதானே மேலே அறிக்கை போகும்?

ஆகவே, கணக்கெடுப்பை எங்களிடமே கேட்டு, பேச முடியாதவர்களுக்குத் துணை வைத்து, மறுபடி எடுக்க உத்தரவிடுங்கள். என்ன கிடைத்தது என்பதோடு நிறுத்தாமல், போன மாதம் எங்கே போனீர்கள், யார் அழைத்தார்கள், எங்கே நுழைய முடியாமல் திரும்பி வந்தீர்கள், கூட்டத்தில் பேசினீர்களா என்றும் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் பெயருக்கு நேரே உள்ள அந்த "ஆம்" நீங்க வேண்டும். தயவுசெய்து எங்களிடம் கேட்கச் சொல்லுங்கள், ஐயா.

சாய்தளத்துக்கு நிதி ஒதுக்க நாளாகும் என்றால் ஆகட்டும். வருகிற அக்டோபர் 2 கிராம சபையைக் கட்டடத்துக்குள் வைக்காமல் கோயில் திடலில், சமதரையில் நடத்த உத்தரவிடுங்கள். அதற்குச் செலவே இல்லை. பதிவேட்டில் அங்கே வந்து கையெழுத்துப் போடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்களும் கைரேகைகளும் இணைப்பில்)