மாப்பிள்ளை கட்டும் கணப்பு

அன்புள்ள மலர்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ அதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார். அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளை கட்டும் கணப்பென்று நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி நாலைந்து முறை பார்த்தேன். கல் வேலை பிரமாதம். கம்ப்யூட்டர் தட்டுகிறவர் கட்டியது என்று சொன்னால் நம் கொத்தனார் நம்பமாட்டார். வட்டம் பிசகவில்லை, மட்டம் சரியாக இருக்கிறது, இண்டு இடுக்கு இல்லாமல் பூசியிருக்கிறார். அந்த இண்டு இடுக்கு இல்லாததுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க அது, உறைகிணறா?" என்றாள். கணப்பு என்றேன். மார்கழியில் உன் அப்பாயி வாசலில் வைக்கோலைக் கொளுத்திக் குளிர்காய்வாளே, அதுதான், கேஸில் எரிவது என்றேன். "அதுக்குப் போய் கேஸா!" என்று உள்ளே போய்விட்டாள்.

நான் கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக்காகச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்குக் கனெக்‌ஷன் கொடுக்கப் போனேன். சமையல் மேடைக்குக் கீழே தேக்கு அலமாரி செய்து, சிலிண்டரை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அடியில் ஒரு ஓட்டைகூட இல்லை. பார்த்ததும் ஆபத்து என்று தெரிந்துவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் ஊரில் பெரிய மனிதர். கதவில் ஓட்டை போடச் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் ரெகுலேட்டரில் வாஷர் வெட்டிப்போய் ராத்திரி முழுக்கக் கசிந்திருக்கிறது. காலையில் அந்த அம்மா அடுப்பைப் பற்றவைத்தபோது தீ தரையோடு ஓடி வந்திருக்கிறது. முழங்கால் வரை வெந்துபோய் இரண்டு மாதம் படுக்கையில் இருந்தார். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

தரையோடு ஏன் ஓடியது என்றால், சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். உங்கள் ஊர் சிலிண்டரில் வரும் புரொப்பேன் கேஸும் அப்படித்தான். மேலே போகாது, தண்ணீர்போலப் பள்ளம் பார்த்துத் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். மாப்பிள்ளை கட்டியிருப்பது அழகான தொட்டி, கேஸ் தேங்குவதற்கென்றே கட்டியதுபோல. மேலே எரிகிற தீயைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அது கண்ணுக்குத் தெரியும். பர்னர் தட்டுக்குக் கீழே இருட்டாக இருக்கிறதே அந்த இடம், அதுதான் பயம்.

ஆகவே தரையை ஒட்டி, எதிரெதிர்ப் பக்கத்தில், இரண்டு திறப்பு வேண்டும். ஒன்று போதாது, ஒரு பக்கம் காற்று நுழைந்தால் மறுபக்கம் வெளியேற வேண்டும். எவ்வளவு பெரிது என்பது பர்னரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பக்கத்துக்கு 18 சதுர அங்குலம் என்று பலர் போடுகிறார்கள், ஏறக்குறைய உன் செல்போன் அகலமும் நீளமும். ஒவ்வொரு பக்கமும் ஒரு கல்லைப் பெயர்த்தால் போதும். பூச்சு காய்ந்துவிட்டது என்று மாப்பிள்ளை சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும். பிற்பாடு வீட்டு கேஸ் லைனிலிருந்து இழுக்கப்போவதாகச் சொன்னாய். அதில் வருவது வேறு கேஸ், இயற்கை எரிவாயு. காற்றைவிட லேசு, மேலே ஏறும். அதற்குத் தட்டுக்குச் சற்றுக் கீழே, உயரத்தில் திறப்பு வேண்டும். இப்போதே இரண்டு இடத்திலும் விட்டுவிட்டால் வேலை மிச்சம்.

லைன் மாற்றும்போது இன்னொன்று. பர்னருக்குள் கேஸை விடும் ஜெட் இருக்கிறதே, புரொப்பேனுக்கு அதன் துளை சிறியது, லைன் கேஸுக்குப் பெரியது. பெரிய துளையில் புரொப்பேனை விட்டால் ஜுவாலை ஆளுயரம் எழும்பும். பர்னர் மணிக்கு 60,000 பி.டி.யூ. வெப்பம் தரும் என்று பெட்டியில் பார்த்தேன். கணக்குப் போட்டேன், நம் வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் ஏழெட்டு சேர்ந்து எரிவதற்குச் சமம். நமக்கு ஒன்றரை மாதம் வரும் 14.2 கிலோ சிலிண்டர் அதில் 11 மணி நேரம்தான் தாங்கும்! அவ்வளவு இழுப்பை வீட்டுக் குழாய் தாங்குமா என்று பார்ப்பது லைசன்ஸ் உள்ளவர் வேலை. டெக்சாஸில் கேஸ் லைனும் பிளம்பர்தான் போடுவாராமே. அவரைக் கூப்பிடுங்கள், யூடியூபை அல்ல.

குழாய்க்குப் பள்ளம் தோண்டும் முன் 811-க்குப் போன் செய்ய வேண்டும், மண்ணுக்குள் என்னென்ன போகிறது என்று கொடி நட்டுக் காட்டுவார்கள், ஞாபகமிருக்கிறதா? நான் வந்திருந்தபோது எதிர்வீட்டுப் புல்தரையில் மஞ்சள், சிவப்பு, நீலக் கொடிகள் நட்டிருந்ததைப் பார்த்து ஏதோ திருவிழா என்று நினைத்தேனே. மஞ்சள் கேஸ், சிவப்பு கரண்டு, நீலம் குடிதண்ணீர் என்று மாப்பிள்ளைதான் எனக்குச் சொன்னார். கொடி நட்டுக் காட்ட அவர்கள் காசும் வாங்குவதில்லை.

சிலிண்டரைக் கணப்புக்குள் வைக்கவே வேண்டாம், வெளியே நிற்கட்டும். அணைக்கும் வால்வும் வெளியே, தீயைத் தாண்டிக் கை நீட்டாமல் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். அப்புறம், குட்டிப்பயல் ஓடையில் பொறுக்கிவந்த கூழாங்கற்களை மேலே பரப்பப்போவதாகச் சொன்னானே, கூடாது. உள்ளே ஈரம் இருக்கும், சூட்டில் வெடித்துத் தெறிக்கும். எரிமலைக் கல்லோ அதற்கென விற்கும் கண்ணாடித் துண்டோ வாங்குங்கள். அவனுடைய கற்களைத் துளசிச் செடிக்குப் போடு, அழமாட்டான்.

திறப்பு விஷயத்தை நான் சொன்னதாகச் சொல்லாதே. "புத்தகத்தில் வென்ட் என்று ஏதோ போட்டிருக்கிறதே, நாம் எங்கே விட்டிருக்கிறோம்?" என்று நீயே கேள். அவர் புத்திசாலி, கேட்டால் புரிந்துகொள்வார். கேட்டும் விடவில்லையென்றால் எனக்குப் போன் செய், நானே பேசுகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எல்லாம் பூட்டி முடித்ததும், பற்றவைக்கும் முன், கிண்ணத்தில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஒவ்வொரு இணைப்பிலும் பழைய ஷேவிங் பிரஷால் தடவ வேண்டும். வால்வைத் திறந்துவிட்டுப் பொறுமையாகப் பார்க்கணும். கடுகளவு குமிழி வந்தாலும் மூடிவிட்டு மறுபடி முறுக்குங்கள். தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம். சோப்பு தடவிப் பார்ப்பதை எனக்கு வீடியோ காலில் காட்டு. அங்கே சாயங்காலம் ஆறரை என்றால் இங்கே காலை ஆறு மணி, நான் எழுந்து காபி குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். போனைக் கீழே, அந்தத் திறப்புப் பக்கமும் ஒருமுறை கொண்டுபோ.

அன்புடன்,
அப்பா