மிஞ்சின காலையும் பார்

அன்புள்ள மகளுக்கு,

கால் எடுத்த மருமகனை அடுத்த கிழமை ஆசுபத்திரியில் துண்டு வெட்டி மாங்குளத்து வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். வீட்டுக்கு வாறவர்கள் எல்லாரும் முழங்காலுக்குக் கீழே வெட்டின இடத்தைத்தான் பார்ப்பார்கள். நீ மற்றக் காலின் கெண்டைச் சதையையும் தினம் பார். கால் எடுத்தபின் இரத்தம் லேசில் உறையும்; படுத்தே கிடந்தால் இரண்டு பக்கமும் தேங்கும். அப்படி உறைந்த கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து.

இரத்தம் உறையாமல் போடும் எனொக்ஸாபரின் ஊசி வழக்கமாக நாளுக்கு 40 மில்லிகிராம். சிறுநீரகம் பழுதென்றால் அளவைக் குறைப்பார்கள். சிறுநீரக வருத்தம் கூடின வவுனியாப் பக்கத்து ஆள் என்றபடியால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினின் இரத்தச் சோதனை பார்த்தாச்சா என்று துண்டு வெட்ட முன்னம் கேள். எத்தனை நாளைக்கு என்பதையும் எழுதி வாங்கு.

தொப்புளிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளிக் குத்த வேண்டும், ஒரு நாள் இடம், மறுநாள் வலம். ஊசிக்குள் இருக்கும் காற்றுக் குமிழை வெளியேற்றாதே. தோலை மடித்துப் பிடி, ஊசியை நேரே முழுதாக இறக்கு, வெளியே எடுக்கும்வரை மடிப்பை விடாதே. பிறகு தேய்த்தால் கண்டிப்போகும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. நோவுக்கு டைக்குளோபினக், புரூபன் குளிசைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதே, இரத்தம் கசியும். மலம் கறுத்துப் போனால் உடனே ஆசுபத்திரிக்கு.

ஊசி போட்டாச்சென்று ஆளைக் கட்டிலில் விடாதே. முழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பாதத்தை மேலும் கீழும் பத்துத் தரம் ஆட்டட்டும். வெட்டின காலின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் மூட்டு மடிந்தபடியே இறுகி, பிறகு பொய்க்கால் பொருந்தாது. எலாஸ்ரிக் பண்டேஜை வெட்டின காலின் நுனியில் இறுக்கி, மேலே போகப்போகத் தளர்த்திச் சுற்று. மேல்பக்கம் இறுகினால் இரத்தம் திரும்பி ஏறாது, வீக்கம்தான் மிஞ்சும். நழுவினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டு. வெக்கை நாளில் தண்ணீர் குறையவிடாதே, டொக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுக்குள்.

இறுக்கமான காலுறையை யாராவது வாங்கித் தந்தாலும் டொக்டர் பாதத்தின் நாடியைப் பார்க்க முன்னம் போடாதே. சீனி வருத்தத்தில் இரத்தக் குழாய் அடைத்த காலென்றால் அது இருக்கிற இரத்தத்தையும் நெரிக்கும்.

கெண்டைச் சதை ஒரு பக்கம் வீங்கி, சுட்டு, அமத்த நொந்தாலும், வெட்டின கால் திடீரெனப் பருத்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். மாமி நல்லெண்ணெய் பூசி உருவிவிட வருவா. விடாதே, கட்டி கழலும். மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், இருமலில் இரத்தம் வந்தால் ஓட்டோ தேடாமல் அம்புலன்சுக்கு, 1990க்கு அடி. கால் எடுத்த ஆள், ஊசி போடுகிறார் என்பதை முதலில் சொல்லு.

அன்புடன்,
அம்மா