நசுக்காத பூண்டில் வாசனைகூட இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழில் பூண்டும் நோய் எதிர்ப்புச் சக்தியும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எனக்குப் பூண்டு ரொம்பப் பிடிக்கும், அதை மட்டம் தட்ட இதை எழுதவில்லை. ஆனால் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு பல்லை அப்படியே தண்ணீரோடு முழுங்கினால் சளி கிட்டவே வராது என்று போட்டிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

உரிக்காத பூண்டை முகர்ந்து பாருங்கள், வாசனை இருக்கிறதா? கத்தி பட்டதும்தான் மூக்கைத் துளைக்கும். பல்லுக்குள் அல்லியின் என்ற பொருள் ஒரு பக்கமும் அல்லினேஸ் என்ற நொதி இன்னொரு பக்கமும் தனித்தனியாக இருக்கின்றன, நசுங்கும்போது இரண்டும் கலந்துதான் அல்லிசின் உண்டாகிறது. பாக்டீரியாவை எதிர்ப்பதாகச் சொல்லப்படுவது இந்த அல்லிசின்தான். முழுப் பல்லாக உள்ளே போனால் வயிற்று அமிலத்தில் நொதி செயலிழந்துவிடும், அப்புறம் அல்லிசின் எங்கிருந்து வரும்? அடுப்புச் சூட்டிலும் இதே கதைதான், அதனால் நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுச் சமைப்பது நல்லது.

சரி, சளிக்கு வருவோம். 'ஆய்வுகள் நிரூபித்துவிட்டன' என்கிறார் கட்டுரையாளர். 2001ல் வெளியான ஓர் ஆய்வில் 146 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 வாரம் பூண்டு மாத்திரையும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். பூண்டு சாப்பிட்டவர்களுக்கு 24 முறை சளி பிடித்தது, மற்றவர்களுக்கு 65 முறை. நல்ல வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் சளி வந்ததா இல்லையா என்று குறித்துக்கொண்டது அவரவரேதான், பூண்டு மாத்திரை என்றால் ஏப்பத்திலேயே தெரிந்துவிடாதா! மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டுப் பார்க்கும் காக்ரேன் குழு 2014ல் தேடிப் பார்த்தபோது அவர்களுடைய தகுதிக்குத் தேறியது இந்த ஒரே ஆய்வுதான். ஒன்றை வைத்துக்கொண்டு 'ஆய்வுகள்' என்று எழுதலாமா?

உள்ளங்காலில் பூண்டை வைத்துக் கட்டச் சொன்னதுதான் எனக்கு நிஜமாகவே கோபம். நானே அதைச் செய்தவள். என் மகனுக்கு நான்கு வயது இருக்கும்போது, மூக்கடைத்துத் தூங்காமல் தவிக்கிறானே என்று நசுக்கிய பூண்டை இரண்டு பாதத்திலும் வைத்துத் துணி சுற்றி, மேலே சாக்ஸும் மாட்டிவிட்டேன். விடிந்ததும் கட்டிலில் இருந்து இறங்க மாட்டேன் என்று ஒரே அழுகை. சாக்ஸைக் கழற்றினால் குதிகாலுக்கு மேலே தோல் சிவந்து, தண்ணீர் கோத்துக் கொப்புளம். டாக்டர் பார்த்ததுமே "பூண்டா?" என்றார், இது தீப்புண் மாதிரிதான் என்றும் சொன்னார். சளி பாட்டுக்கு அது போகிற நாளில்தான் போனது, கால் ஆற இரண்டு வாரம் ஆயிற்று.

இன்னொன்று. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பச்சைப் பூண்டோ பூண்டு மாத்திரையோ தினமும் நிறைய எடுத்தால் ரத்தக்கசிவு அதிகமாகலாம். ஆபரேஷனுக்கோ பல் பிடுங்கவோ போகிறவர்களும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சமையலில் சேர்க்கிற அளவுக்கு யாரும் பயப்பட வேண்டாம். இவ்வளவு நீளக் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்று நீங்களேதான் அடிக்கடி எழுதுகிறீர்கள், அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி