மருமகனே, அந்தக் கன்சோலை ஓரங்கட்டாதே

அன்புள்ள மருமகனுக்கு,

"கையே வைக்கல மாமா, ஹீரோ தானா இடது பக்கம் நடக்கிறான்" என்று நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். புது வீடியோ கேம் கன்சோலுக்குப் பணம் சேர்க்கிறாயாம், அக்கா சொன்னாள். சேர்த்து வை, நல்லதுதான். ஆனால் இதற்காக வேண்டாம்.

கெட்டது கன்சோல் இல்லை, ஹீரோவை நடத்தக் கட்டைவிரலால் தள்ளுகிறாயே, அந்த ஸ்டிக் மட்டும்தான். அதற்குள் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கும். இட வலத்துக்கு ஒன்று, மேல் கீழுக்கு ஒன்று. பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகினால் கரகரக்குமே, அதே சாமான்தான், பொடி உருவத்தில். கரி பூசிய பட்டையின் மேல் ஒரு மெல்லிய உலோக நாக்கு உரசிக்கொண்டே நகரும். அது தொடும் இடத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் மாறும். அதை வைத்துத்தான் நீ எந்தப் பக்கம் தள்ளினாய் என்று கன்சோல் புரிந்துகொள்கிறது. உரசி உரசிக் கரி தேய்ந்து தூள் சேர்ந்தால், சும்மா நிற்கிற ஸ்டிக்கையும் ‘இடது’ என்று படித்துவிடும்.

டெட் ஸோனைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று உன் நண்பன் சொன்னது பொய்யில்லை. நடுவைச் சுற்றி நடக்கும் சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாதே என்று கன்சோலுக்குச் சொல்கிறோம், அவ்வளவுதான். நானும் இரண்டு மாதம் அப்படி ஓட்டினேன். கடைசியில் பாதி தூரம் தள்ளினால்தான் கார் திரும்பியது. லேசாக ஒடிக்கிற சுகமே போச்சு.

பிரிப்பதற்கு முன் வாரண்ட்டி மிச்சம் இருக்கிறதா என்று பார். இருந்தால் நீ கை வைக்காதே, அவர்களே பார்க்கட்டும். இல்லையென்றால், ஸ்லீப்பில் போடாமல் முழுதாக அணைத்துவிட்டு, முதலில் திருகின் தலையைப் பார். மூன்று கோடுகள் உள்ள ‘ஒய்’ வடிவமாக இருந்தால் அதற்கென்று இருக்கிற திருப்புளிதான் வேண்டும். சாதாரண நட்சத்திர முனையை வைத்து அழுத்தி நான் ஒன்றின் தலையை மழித்துவிட்டேன். தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பார்களே, எனக்கு நிஜமாகவே திருகால் வந்த வலி அது.

மூடி திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்று. அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம். ஸ்டிக்கிலிருந்து பட்டையாக ஒரு ரிப்பன் கேபிள் வரும். அது செருகியிருக்கிற சாக்கெட்டின் வாயில் அரிசி அகலத்துக்கு ஒரு பூட்டு. அதைத் திறக்காமல் ரிப்பனை இழுத்தால் கதை முடிந்தது. நகத்தால் மெல்ல நிமிர்த்தும்போது ‘டிக்’ என்றுகூடக் கேட்காது. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுத்தம் செய்து பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு நுனி பென்சில் கரிபோலக் கறுத்தது. நன்றாக உலர்ந்த பிறகு பேட்டரியை மாட்டினேன். ஹீரோ அசையாமல் நின்றான், மூன்று வாரம். தூளைத் துடைக்கலாம், தேய்ந்த கரியை எங்கே போய்க் கொண்டுவருவது?

அதனால் மாற்றுவதானால் ஹால் சென்சார் உள்ள ஸ்டிக்காகப் பார்த்து மாற்று. மின்னோட்டம் ஓடும் தகட்டின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். எட்வின் ஹால் 1879இல் கண்டது. இங்கே ஸ்டிக்கோடு சேர்ந்து காந்தம் அசைய, சென்சார் தள்ளி நின்றே அளக்கிறது. உரசலே இல்லாதபோது கரி எங்கே தேயும்? புதுச் சரக்கும் இல்லை. 1998இல் வந்த ட்ரீம்காஸ்ட் என்ற சேகா கன்சோலின் கண்ட்ரோலரிலேயே இருந்தது. ஆனாலும் சாகாவரம் பெற்றது என்று நினைத்துவிடாதே, உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தளரத்தான் செய்யும். உன் மாடலுக்கு என்றே செய்ததாகப் பார்த்து வாங்கு. மாட்டியதும் செட்டிங்ஸில் காலிபிரேஷன் செய், அதாவது ஸ்டிக்கின் நடு எது, ஓரம் எது என்று கன்சோலுக்குக் காட்டிக்கொடு. செய்யாவிட்டால் புது ஸ்டிக்கும் கோணலாகத்தான் நடக்கும்.

சில கன்சோல்களில் ஸ்டிக்கைச் சர்க்யூட் பலகையோடு சால்டர் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். உன்னுடையது அப்படி என்றால் அங்கேயே நிறுத்து, சேர்ந்து செய்வோம். ரிப்பன் வகை என்றால், பூட்டைத் தொடுவதற்கு முன் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. நிமிர்த்துகிற வகையா, இழுக்கிற வகையா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா