செயலாளரின் ஆண்டறிக்கை – 2024: நலன்புரிச் சங்கமா, தொழிற்சங்கமா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, யாழ்ப்பாணம் – கொழும்பு இரவு பஸ் சேவையில் பணியாற்றும் சாரதிகளும் நடத்துனர்களுமான எமது அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகளுக்கான கல்வி உதவி, மரணச் சகாய நிதி, நல்லூர்த் திருவிழாக் காலத் தண்ணீர்ப்பந்தல் என்று வரிசையாகச் சொல்லி முடிப்பதே இந்த அறிக்கையின் வழக்கம். அவை யாவும் 2024இலும் குறைவின்றி நடைபெற்றன. அவற்றின் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆனால் கடந்த ஆண்டில் நிர்வாக சபை கூடிய கூட்டங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்திலேயே கழிந்தன என்பதால், நான் அதையே விரிவாக எழுத வேண்டியவனாக இருக்கிறேன். எமது நலன்புரிச் சங்கம் பதிவு பெற்ற தொழிற்சங்கமாக வேண்டுமா என்பதே அவ்விடயம்.

இக்கேள்வி திடீரென்று எழவில்லை. 2024 ஜனவரியில் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையிலான புகையிரதப் பாதை திருத்த வேலைகளுக்காக மூடப்பட்டதிலிருந்து ஆண்டின் பெரும்பகுதி வடக்குக்கான நேரடிப் புகையிரதம் இல்லாதிருந்தது. புகையிரதத்தில் போகவேண்டிய சனமும் பஸ்ஸுக்கே வந்தது. முதலாளிமாருக்கு அது நல்ல காலம். எமக்கு நித்திரையில்லாத காலம். இரவு எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டு, விடியப்புறம் கொழும்பில் ஆட்களை இறக்கி, அன்று மாலையே திரும்பி வருவதுதான் முன்பும் முறை. முன்பு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வீட்டில் ஒரு நாள் கிடைத்தது. கடந்த ஆண்டு பலருக்கு அந்த ஒரு நாளும் இல்லாமற் போனது.

கொழும்பில் பகலில் நாங்கள் எப்படித் தூங்குகிறோம் என்பது இங்குள்ள குடும்பத்தவர்கள் பலருக்குத் தெரியாது. பொதிகள் வைக்கும் கீழ்ப்பெட்டியின் கதவை உயர்த்தி வைத்து, உள்ளே பாயை விரித்து, துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு படுப்போம். பதினொரு மணிக்குத் தகரம் சுடத் தொடங்கிவிடும். அதன்பிறகு கண் மூடியிருக்குமே தவிர நித்திரை வராது. பின்னேரம் முகத்தைக் கழுவி, தேநீர் ஒன்றைக் குடித்துவிட்டு, நாற்பத்தைந்துக்கு மேற்பட்ட உயிர்களை ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் திரும்பி வருகிறோம்.

மே மாதம் எமது அங்கத்தவர் ஒருவர் ஓட்டிவந்த பஸ், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் அதிகாலை மூன்றரை மணியளவில் வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் இறங்கியது. யாருக்கும் பாரிய காயமில்லை. முறிகண்டியில் தேங்காய் உடைக்கும்வரை விழித்திருந்து பிள்ளையாரைக் கும்பிட்டபின் கண்ணயரலாம் என்று காத்திருந்த பயணிகளே முதலில் சத்தமிட்டதாக நடத்துனர் சொன்னார். அந்தச் சாரதிக்கு அது இடையில் ஓய்வில்லாத ஐந்தாவது இரவு. முதலாளி முன்பக்கக் கண்ணாடியின் விலையை அவருடைய நடைக்கூலியில் மாதாமாதம் கழித்தார். எமது சங்கத்தின் சார்பில் நானும் தலைவரும் போய்ப் பேசினோம். மரியாதையாக இருத்தித் தேநீர் தந்தார்கள். பின்னர், “உங்கட சங்கம் செத்தவீட்டுக்குக் காசு குடுக்கிற சங்கம்தானே தம்பி, இதிலை ஏன் தலையிடுறியள்?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. அவர் கேட்டது சட்டப்படி சரியான கேள்வி என்பதைப் பின்னர்தான் அறிந்துகொண்டோம்.

ஜூன் மாதப் பொதுக்கூட்டத்தில் இவ்விடயத்தை ஆராய ஐவர் கொண்ட உபகுழு நியமிக்கப்பட்டது. அவர்கள் தொழில் திணைக்களத்துக்கும் சட்டத்தரணி ஒருவரிடமும் சென்று திரட்டி வந்த தகவல்களை இங்கே பதிவு செய்கிறேன். தொழிற்சங்கம் அமைக்கவும் அதில் சேரவும் உள்ள உரிமை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் சொல்லப்பட்டிருக்கிறது. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு அங்கத்தவர்கள் கையொப்பமிட்டாலே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு பெற்ற சங்கம் தொழிற்பிணக்கு ஒன்றின்போது மேற்கொள்ளும் நடவடிக்கைக்காக அதன்மீது நட்டஈட்டு வழக்குத் தொடுப்பதற்கு எதிராகச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், தொழிற்சங்கத்தில் சேர்ந்தமைக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதைத் தவறாக்கியது. தான் யாருக்காகப் பேசுகிறதோ அந்தத் தொழிலாளரில் நூற்றுக்கு 40 பேரையாவது அங்கத்தவராகக் கொண்ட சங்கத்துடன் முதலாளி பேச மறுப்பதையும் அதே திருத்தம் தவறாக்கியது.

அந்த 40 என்ற எண்தான் எமக்கு இடையூறு. ஒரே தொழிற்சாலையில் ஐந்நூறு பேர் வேலை செய்தால் கணக்கு இலகு. எமது துறையில் ஒருவருக்கு இரண்டு பஸ், இன்னொருவருக்கு ஒன்று என்று முதலாளிமார் பலர். ஒரு முதலாளியிடம் நான்கு பேர் வேலை செய்தால் அதில் இருவராவது துணிந்து சேரவேண்டும். மூவர் பின்வாங்கினால் மற்றவர் தனியே நிற்பார். ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தால் நாங்கள் எங்கும் சிறுபான்மைதான் என்று உபகுழுவின் அறிக்கை சொல்லியிருந்தது. ஆகவே வழித்தடம் முழுவதையும் ஒன்றாக எடுத்து, எல்லா முதலாளிமாரோடும் ஒரே மேசையில் பேசக்கூடிய அமைப்பாக வராவிட்டால் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைப்பதைத் தவிர வேறு பயன் இராது என்ற அவர்களுடைய முடிவை நானும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஓகஸ்ட் மாதம் நல்லூர்த் திருவிழாவுக்காக ஊருக்கு வந்திருந்த, எமது மூத்த அங்கத்தவர் ஒருவரின் பெறாமகன், அமெரிக்காவில் பிராந்திய விமானசேவை ஒன்றில் விமானியாகப் பணியாற்றுபவர், எமது வேண்டுகோளுக்கு இணங்கி ஒரு மாலை அங்கத்தவர்களுடன் உரையாடினார். விமானிக்கும் எமக்கும் என்ன பொருத்தம் என்று எண்ணி வந்தவர்களில் நானும் ஒருவன். அவர் பேசத் தொடங்கிய பத்து நிமிடத்தில் மண்டபம் அமைதியாகிவிட்டது.

அவர் சொன்னவற்றின் சாரம் இது. பெரிய நிறுவனங்களின் பெயரையும் நிறத்தையும் தாங்கிச் சிறு நகரங்களுக்குப் பறக்கும் விமானங்களை அங்கே பெரும்பாலும் பிராந்திய நிறுவனங்களே ஓட்டுகின்றன. பயணிக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். விமானியின் சம்பளத்தில் நீண்ட காலம் பெரும் வேறுபாடு இருந்தது. விமானிகளின் தேசிய சங்கமான அல்பா 1931இல் தொடங்கப்பட்டது. புகையிரதத் தொழிலாளருக்காக 1926இல் இயற்றப்பட்ட சட்டத்தை 1936இல் விமானசேவைகளுக்கும் விரித்தார்கள். இன்று ஒரு நிறுவனத்தின் விமானிகள் சங்கம் வேண்டுமென்றால், அவர்களுள் அரைவாசிப்பேராவது சங்கம் வேண்டும் என்று கூறும் அட்டையில் கையொப்பமிட வேண்டும். அதன்பின் அரச சபை ஒன்று இரகசிய வாக்கெடுப்பு நடத்தும். பல பிராந்திய நிறுவனங்களின் விமானிகள் தேசிய சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்கள். ஸ்கைவெஸ்ட் போன்ற பெரிய நிறுவனத்திலோ தேசிய சங்கம் இல்லை. விமானிகளின் உள்ளக அமைப்பு ஒன்றே நிர்வாகத்துடன் பேசிவருகிறது. ஆகவே இரண்டு வழியிலும் நடந்துவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அவர் கூறியவற்றுள் என் மனதில் ஆழப் பதிந்தது 2009 பெப்ரவரி 12இல் நடந்த விபத்து. நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குப் பறந்த கோல்கன் நிறுவனத்தின் விமானம் இறங்கும் தறுவாயில் வீழ்ந்து, நிலத்தில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தனர். விமானம் தாங்குவிசையை இழக்கப்போகிறது என்ற எச்சரிக்கை வந்தபோது விமானி கட்டுப்பாட்டுத் தண்டைப் பிழையான திசையில் இயக்கியதே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. அதே விசாரணையில், துணை விமானி முதல்நாள் இரவு நாட்டின் மறுகரையில் உள்ள சியாற்றிலிலிருந்து பயணித்து வேலைக்கு வந்தவர் என்பதும், விமானி விமான நிலைய ஓய்வறையில் இரவைக் கழித்தவர் என்பதும் வெளிவந்தன. அந்நிறுவனத்தின் விமானிகள் அதற்குச் சற்று முன்னர்தான் தேசிய சங்கத்தில் சேர வாக்களித்திருந்தார்கள்; ஒப்பந்தம் எதுவும் இன்னும் எழுதப்பட்டிருக்கவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களும் விமானிகள் சங்கங்களும் சேர்ந்து போராடியதன் விளைவாக, பயணிகள் விமானங்களின் விமானிக்குப் பணிக்கு முன் குறைந்தது 10 மணித்தியால ஓய்வும், அதற்குள் இடையறாத 8 மணித்தியாலத் தூக்கத்துக்கு வாய்ப்பும் இருக்க வேண்டும் என்ற விதி 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அவர் அதைச் சொன்னபோது, மே மாதம் பள்ளத்தில் இறங்கிய பஸ்ஸின் சாரதி என் பக்கத்துக் கதிரையில் தலை குனிந்து இருந்தார்.

தம்முடைய நிறுவனத்தில் இளம் விமானிகளை அட்டையில் கையொப்பமிடச் செய்வதே மிகக் கடினமாக இருந்தது என்றும் அவர் சொன்னார். “இரண்டு வருடத்தில் பெரிய கொம்பனிக்குப் போய்விடுவேன், எனக்கு இங்கே சங்கம் எதற்கு?” என்பதே அவர்களுடைய பதிலாம். எமது இளைஞர்கள் கட்டாரையும் கனடாவையும் சொல்கிறார்கள். வேறு வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. போகிறவர் போகலாம். அவர் விட்டுப்போகும் இருக்கையில் நாளை அவருடைய தம்பியே வந்து இருக்கப் போகிறார் என்பதை நாம் எமது பிள்ளைகளுக்குச் சொல்லத் தவறிவிட்டோம் என்றே எண்ணுகிறேன்.

எதிர்த்துப் பேசியவர்களின் காரணங்களையும் அதே மதிப்போடு பதிவு செய்வது செயலாளரின் கடமை. மூத்த அங்கத்தவர் ஒருவர் 1980 ஜூலை வேலைநிறுத்தத்தை நினைவூட்டினார். அன்று ஏறத்தாழ 40,000 அரச ஊழியர்கள் வேலை இழந்தார்கள்; அவர்களுள் அவருடைய தகப்பனாரும் ஒருவர். அந்த வீட்டில் பசியோடு வளர்ந்தவருக்குத் தொழிற்சங்கம் என்ற சொல் என்ன பொருளைத் தருமோ, அதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. இன்னொருவர், 1947 வேலைநிறுத்த ஊர்வலத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான எழுதுவினைஞர் கந்தசாமியின் பெயரைச் சொல்லி அதற்குப் பதில் கூறினார். இரண்டு பேச்சும் நெடுநேரம் நீடித்தன. தலைவர் இருவரையும் இடைமறிக்கவில்லை, அது சரியென்றே கருதுகிறேன்.

வேறு சிலர் தேசியத் தொழிற்சங்கங்கள் கட்சிகளோடு பிணைந்திருப்பதை அஞ்சினார்கள். நடத்துனர்கள் பக்கத்திலிருந்து எழுந்த தயக்கம் முற்றிலும் வேறானது. முதலாளி பெரும்பாலும் எமது ஊரவர், சிலருக்கு உறவினர், பிள்ளையின் காதுகுத்துக்கு வந்து மோதிரம் போட்டவர். “அண்ணைக்கு முன்னாலை கூட்டமாய்ப் போய் எப்பிடி நிக்கிறது?” என்று ஓர் இளைஞர் கேட்டார். அன்றைய மாலையில் கேட்ட மிக நேர்மையான கேள்வி அதுவே. அண்ணையுடன் உறவு கெடாமல் இருக்கத்தான் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் தேவை என்பது என் நிலைப்பாடு. நடைக்கூலியும் ஓய்வுநாளும் அவருடைய மனநிலையைப் பொறுத்திருக்கும்வரை ஒவ்வொரு மாதமும் அந்த உறவைத்தான் நாம் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொள்வோம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிக்கப்பட்டு, முதலாளி 12 சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 கட்ட வேண்டும். நடைக்கூலிக்கு வேலை செய்யும் எம்மில் மிகச் சிலருக்கே இது கட்டப்படுகிறது. 2024 செப்டெம்பரில் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 12,500 ரூபாவிலிருந்து 17,500 ரூபாவாக உயர்ந்தபோதும், சம்பளச் சீட்டே இல்லாத எமக்கு அது பத்திரிகைச் செய்தியாகவே கடந்து போனது. தனியே கேட்ட மூவருக்கு, “வேறை ஆள் பாக்கிறன்” என்ற பதில் கிடைத்தது.

ஒக்டோபர் மாத இறுதியில் விசேட பொதுக்கூட்டம் கூடி இரகசிய வாக்கெடுப்பு நடைபெற்றது. சொந்தமாகப் பஸ் வைத்து ஓட்டும் நான்கு அங்கத்தவர்கள், தாங்கள் இருபக்கமும் நிற்பவர்கள் என்று தாமாகவே கூறி வாக்களிக்காது விலகினார்கள். அவர்களுடைய பண்புக்கு நன்றி கூறுகிறேன். பதிவான 58 வாக்குகளில், தனித் தொழிற்சங்கமாகப் பதிவு செய்ய 31 பேரும், தேசியத் தொழிற்சங்கம் ஒன்றில் இணைய 9 பேரும், நலன்புரிச் சங்கமாகவே தொடர 17 பேரும் விருப்பம் தெரிவித்திருந்தனர். ஒரு வாக்கு செல்லுபடியாகவில்லை. பெரும்பான்மை சிறிதே. அந்த 17 பேரையும் விட்டுவிட்டு நடப்பதற்கு நிர்வாக சபைக்கு விருப்பமில்லை. எனவே நலன்புரிச் சங்கமும் மரணச் சகாய நிதியும் இப்போதுள்ளவாறே தொடரும் என்றும், தொழிற்சங்கத்தின் சந்தாவும் கணக்கும் முற்றிலும் வேறாக இருக்கும் என்றும், ஒன்றில் இல்லாதவர் மற்றதில் எந்த உரிமையையும் இழக்கமாட்டார் என்றும் நவம்பர் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்டது.

புதிய சங்கத்தின் முதற்கோரிக்கையாகச் சம்பளத்தை வைக்காமல் ஓய்வை வைக்கவேண்டும் என்பது உபகுழுவின் ஏகமனதான பரிந்துரை. தொடர்ந்து இரண்டு சுற்றுக்குப்பின் வீட்டில் ஒரு முழு நாள், கொழும்பில் பகல் தூங்குவதற்கு மின்விசிறியுள்ள ஓர் அறை, 400 கிலோமீற்றர் இரவுப் பயணத்துக்கு இரண்டு சாரதிகள் ஆகிய மூன்றுமே அந்தக் கோரிக்கை. நல்லெண்ணமுள்ள முதலாளிமார் இருவர் அறைக்கான வாடகையில் பங்கெடுக்க இப்போதே முன்வந்திருக்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன்.

யாப்பின் வரைவு இன்று உங்கள் கதிரைகளில் வைக்கப்பட்டுள்ளது. பதிவாளருக்கான விண்ணப்பத்தில் ஏழு கையொப்பங்களில் ஐந்து இடப்பட்டுவிட்டன. ஐந்தாவது, மே மாதம் பள்ளத்தில் இறங்கிய பஸ்ஸின் சாரதியுடையது. மிகுதி இரண்டுக்கான விண்ணப்பப் படிவம் கூட்டம் முடியும்வரை பொருளாளரின் மேசையில் இருக்கும். இன்றிரவு எட்டு மணிச் சேவைக்குப் போகவேண்டியவர்கள் முன்னதாகவே பார்வையிடலாம்.

நன்றி.

கௌரவ செயலாளர்
யாழ்ப்பாணம்