நான் என்ன நெல்லையப்பர் தேரா?

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போன மாதம் டவுனுக்கு வந்தபோது வாசல் மூலையில் உங்கள் செருப்பைப் பார்த்தேன். குதிகால் தேய்ந்த பள்ளத்தில் தூசி. வாரில் ஒரு சிலந்தி குடியிருக்கிறது. வாகையடி முக்கில் தடுக்கி விழுந்ததிலிருந்து நீங்கள் படியிறங்கவே இல்லை என்றார்கள் அண்ணி. "நடக்கலாமே" என்றதற்கு, "நான் என்னல நெல்லையப்பர் தேரா, நாலு ரத வீதியும் சுத்திவர?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தீர்கள். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குள், எந்த ரயிலில் திரும்புகிறேன் என்று மூன்று தடவை கேட்டீர்கள். அதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடை என்றால் சர்க்கரைக்கு, மூட்டுக்கு என்றுதான் நினைக்கிறோம். மூளைக்கும் அதில் பங்கு உண்டு. புது விஷயங்களை நினைவில் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, வயதாக ஆக வருஷத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம் சுருங்குமாம். அமெரிக்காவில் 120 முதியவர்களை ஒரு வருஷம் கவனித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் மூன்று நாள், 40 நிமிஷம் நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. கை காலை நீட்டி மடக்கியதோடு நிறுத்திக்கொண்டவர்களுக்குச் சுருங்கத்தான் செய்தது.

கணக்கு வாத்தியாரிடம் பாதிக் கணக்கைக் காட்டக் கூடாது, மீதியும் சொல்கிறேன். 70 முதல் 89 வயது வரை 1,635 பேரிடம் இரண்டு வருஷம் நடத்திய இன்னொரு ஆய்வில், நடந்தவர்களுக்கும் வகுப்பில் உட்கார்ந்து ஆரோக்கியப் பாடம் கேட்டவர்களுக்கும் ஞாபகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 80ஐத் தொட்டவர்களுக்கு மட்டும், ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்யும் திறனில் கொஞ்சம் லாபம் தெரிந்தது. உங்களுக்கு ஆவணி வந்தால் 81. லாபக் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம்.

அப்புறம் இன்னொன்று. சின்ன வயதில் எங்களைக் குறுக்குத்துறைக்குக் குளிக்கக் கூட்டிப்போவீர்கள். போக வர அத்தனை கதையும் நடந்துகொண்டேதான். இப்போது ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றாலும் நின்றுவிடுகிறீர்கள். ஸ்வீடனில் 1997இல் இதைக் கவனித்திருக்கிறார்கள்: பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திய முதியவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள் விழுந்திருக்கிறார்கள். நடையும் பேச்சும் ஒரே சமயத்தில் மூளையைக் கேட்கின்றன, அவ்வளவுதான். அதனால் நீங்கள் நின்றே பேசுங்கள், நான் கையைப் பிடித்து இழுக்க மாட்டேன். தேரும் நின்று நின்றுதானே நிலைக்கு வருகிறது?

மறுபடி விழுந்துவிடுவீர்களோ என்று அண்ணன் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் உட்கார்ந்தே இருந்தால் கால் இன்னும் தளரும். பிறகு வீட்டுக்குள்ளேயே விழ வேண்டியதுதான். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கி வருகிறேன். கம்பும் வேண்டும், கௌரவம் பார்க்காதீர்கள். முதல் வாரம் கீழ ரத வீதி மட்டும், அதுவும் காலையில். சாயங்காலம் என்றால் அல்வாக் கடைப் பக்கம் உங்கள் கால் தானாகத் திரும்பிவிடும். அது மட்டும் மறக்கவே இல்லை பாருங்கள்.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன். எந்த ரயில் என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன். அந்தச் சிலந்தியை மட்டும் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.