என்னை மிமிக்ரி செய்யப் போகும் பிளஸ் டூ தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஃபேர்வெல் மேடையில் நீ என்னைத்தான் செய்யப் போகிறாய் என்ற செய்தி ஸ்டாஃப் ரூம் வரைக்கும் வந்துவிட்டது. செய். தாராளமாகச் செய். தடுப்பதற்காக இதை எழுதவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நீ ரிகர்சல் பார்த்தது கெமிஸ்ட்ரி லேப் ஜன்னல் வழியாக எனக்கும் கேட்டது. குரல் அச்சு அசல். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடுவதும் நன்றாக இருந்தது. ஆனால் சரக்கு பத்தாது.

"சைலன்ஸ், சைலன்ஸ்" என்று மேஜையைத் தட்டுகிறாய். மதுரையில் மேஜையைத் தட்டாத வாத்தியார் யார்? "நீங்கள்லாம் எங்கடா உருப்படப் போறீங்க" என்கிறாய். அதை நான் சொன்னதே கிடையாது. அவர் செல்போன் வீடியோக்களில் வருகிற பொது வாத்தியார். அவரைச் செய்வதற்கு ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னிடம் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு மட்டும் தெரிந்தது ஏதாவது இருக்கும் இல்லையா, அதை எடு.

லேபுக்கு வா. ப்யூரெட்டில், அந்த நீளக் கண்ணாடி அளவுக் குழாயில், பர்மாங்கனேட் நிற்கிறது. நீங்கள் நாலு பேர் அதைச் சுற்றி நிற்கிறீர்கள். நான் பின்னால் நின்று, "சொட்டு... ம்... சொட்டு... குடுவையை ஆட்டு... இன்னும் ஒரே சொட்டு... நிறுத்து, நிறுத்துடா... போச்சு" என்பேன். வெளிர் இளஞ்சிவப்பு வந்து மறையாமல் நிற்க வேண்டிய குடுவையில் பீட்ரூட் ஜூஸ் மாதிரி ஒன்று ததும்பும். அப்போது நான் திட்டுவதில்லை. குடுவையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பேன். குடுவையைப் பார்ப்பேன், உங்களைப் பார்ப்பேன், மறுபடி குடுவையைப் பார்ப்பேன். பிறகு ஒன்றும் பேசாமல் வாஷ் பேசினில் ஊற்றிவிடுவேன். மேடையில் இதற்கு முழுசாக அரை நிமிஷம் எடுத்துக்கொள். ஒரு வசனமும் வேண்டாம். கூட்டம் தானாகச் சிரிக்கும். வலது கை விரல் நுனியில் கொஞ்சம் காபித்தூளைக் குழைத்துத் தடவிக்கொள், பர்மாங்கனேட் கறைக்கு. முன் வரிசைக்காரர்கள் பார்த்துவிட்டால் உனக்கு இன்னும் லாபம்.

அப்புறம் அந்த 19.8 கதை. ஒத்த அளவீடு இரண்டு வந்தால்தான் கணக்குப் போட வேண்டும் என்று சொன்னேன். நோட்டை வாங்கிப் பார்த்தால் மொத்த வகுப்புக்கும் 19.8 மில்லி. "என்னாங்கடா, எல்லா ப்யூரெட்டும் ஒரே வயித்துல பொறந்ததா?" என்று நான் கேட்டது உனக்கு மறந்திருக்காது. அந்த 19.8-ஐக் கிளப்பிவிட்டவனே நீதானே.

மற்றவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கணக்கு மிஸ்ஸைச் செய்யும்போது நடையைத் தொடாதே. அது முட்டி வலி. சாக்பீஸ் போர்டில் கீச்சிட்டால் வகுப்பைவிட முதலில் காதைப் பொத்துகிறவர் அவர்தான். அதைச் செய், அவரே எழுந்து கை தட்டுவார். தமிழ் ஐயா "அலைபேசியில் பிறகு அழைக்கிறேன்" என்று வைத்துவிட்டு, கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தால் மட்டும் சுத்தமான செல்லூர்த் தமிழுக்கு இறங்குவார். அது தங்கம், விட்டுவிடாதே. தலைமையாசிரியரைத் தொடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அவர் கோபப்படுவார் என்பதற்காக இல்லை. தனக்கு என்ன வசனம் எழுதியிருக்கிறாய் என்று திருத்திக் கொடுப்பார், அந்த ஆசை அவருக்கு ரொம்ப நாளாக உண்டு.

பட்டிமன்றம் ஒன்றும் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்வி. "மாணவர்களை அதிகம் அழ வைத்தது கணிதமா, இயற்பியலா?" தலைப்பு நல்ல தலைப்பு. (வேதியியலை ஏன் விட்டீர்கள் என்று பிறகு விசாரிக்கிறேன்.) நடுவராக உட்காருகிற பையன் சாலமன் பாப்பையா ஐயா குரலில் பேசப் போகிறானாம். வேண்டாம் என்று சொல். அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர், 2021இல் பத்மஸ்ரீ வாங்கியவர், நம்ம ஊர்க்காரர், எல்லாம் சரி. தமிழ்நாட்டில் மைக் பிடித்த எல்லாப் பையன்களும் அவரை ஒரு முறை செய்து முடித்துவிட்டார்கள். நடுவராக நம்ம வாட்ச்மேன் அண்ணனைப் போடுங்கள். ஒன்பது மணிக்குக் கேட்டை அடைத்து, ஒன்பது ஐந்துக்கு "சரி, இன்னிக்கு மட்டும்" என்று தினமும் திறந்துவிடுகிறவர் என்ன தீர்ப்புச் சொல்லுவார் என்று யோசித்துப் பார்.

முன்னால் ஒரு பேட்ச் செய்ததைச் சொன்னால் உங்களுக்குப் பொறாமையாக இருக்கும். மேடையில் ஒரு மேஜை, அதில் ஒரு தாம்பாளம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு நீள நோட்டு. ஒருவன் எழுதுகிறான், ஒருவன் மைக்கில் வாசிக்கிறான். காதுகுத்து வீட்டு மொய் அப்படியே. உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன், அந்த ராகம் ரத்தத்திலேயே இருந்தது. "பி.டி. சார் வகையில்... விசில் ஒன்று. கெமிஸ்ட்ரி சார் வகையில்... பி.டி. சாரிடம் கடனாக வாங்கிய பீரியட் ஐம்பத்தி ஒன்று, திருப்பிக் கொடுத்தது இல்லை. தலைமையாசிரியர் ஐயா வகையில்... 'டி.சி.யை வாங்கிட்டுப் போயிரு' என்று சொன்னது நூத்தி ஒன்று, கொடுத்தது இல்லை." ஒவ்வொரு வகையறாவுக்கும் கீழே இருந்து ஒருத்தன் குலவை போட்டான். சத்துணவு அக்கா வகையில் முட்டை என்று வாசித்தபோது அந்த அக்காவே கூட்டத்துக்குள் இருந்து "எழுதிக்கடா, ரெண்டு" என்று கத்தினார்கள். அந்த நோட்டு இன்னும் தலைமையாசிரியர் பீரோவில் இருக்கிறது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் ஏதோ வரவு செலவு நோட்டு என்று நினைத்துப் பிரித்துவிட்டார், அது தனிக் கதை.

அடுத்த வருஷம் வந்தவர்கள் போஸ்டர் அடித்தார்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து தெப்பக்குளம் வரைக்கும் சுவர் தெரியாமல் போஸ்டர் ஒட்டுகிற ஊரில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் உடைந்து போன ப்யூரெட்டுக்குக் கண்ணீர் அஞ்சலி. நடுவில் ப்யூரெட் படம், பக்கத்தில் இரண்டு விளக்கு. தோற்றம் ஜூன், மறைவு பிப்ரவரி. "எங்களை விட்டுச் சொட்டுச் சொட்டாகப் பிரிந்த எங்கள் குலவிளக்கே." கீழே: "கண்ணீருடன், பிப்பெட்டுகள், கூம்புக் குடுவைகள் மற்றும் உடைத்தவன்." உடைத்தவன் பெயர் போடவில்லை. எனக்குத் தெரியும்.

நீங்களும் போஸ்டர் அடிப்பதாக இருந்தால் ஒன்று மட்டும் கவனி. ப்யூரெட்டுக்கு அடிக்கலாம், ரேங்க் கார்டுக்கு அடிக்கலாம். கூடப் படிக்கிறவன் போட்டோவைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி அடிக்காதே. உங்களுக்கு அது சும்மா. அதை யாராவது ஸ்டேட்டஸில் போட்டு, அவன் அம்மா செல்லுக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த ஒரு நிமிஷம் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்.

பிளஸ் ஒன் பிள்ளைகள் உங்களுக்குக் கொடுக்கப் போகிற பட்டங்களையும் நீதான் ஒரு பார்வை பார்க்க வேண்டும். பட்டியல் என் கைக்கு வந்தது. "பேனா கடன் வள்ளல்" பிரமாதம். பன்னிரண்டு மணிக்கே டிபன் பாக்ஸ் திறக்கிறவனுக்கு "மதியத்தை முன்னால் கொண்டுவந்த விஞ்ஞானி", அதுவும் பிரமாதம். மேலூர் பஸ் லேட் என்று இரண்டு வருஷமாக ஒரே காரணம் சொன்னவளுக்கு "மேலூர் எக்ஸ்பிரஸ்", கொடுக்கட்டும். நிறத்தை வைத்து இரண்டு, உடம்பை வைத்து ஒன்று, அப்பா பார்க்கிற வேலையை வைத்து ஒன்று என்று நாலு இருந்தது. நாலையும் அடித்துவிட்டேன். டிபன் பாக்ஸ் அவன் செய்கிற வேலை, அவனே சிரிப்பான். நிறத்துக்கு அவன் என்ன செய்வான்?

சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற கயிறு, அதன் கலர், எந்தத் தெரு, எந்த ஊர் என்று எதையும் மேடைக்குக் கொண்டுவராதே. 2023இல் நாங்குநேரியில் ஒரு பையனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து கூடப் படித்தவர்கள் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிக்குள் கலர் கயிறே கூடாது என்று 2024இல் அறிக்கை கொடுத்தது. நம் பக்கத்து நிலவரம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைத் தொட்டு வருகிற சிரிப்பு சிரிப்பாக முடியாது.

சரி, வேட்டிக்கு வருவோம். பையன்கள் எல்லாரும் வேட்டி சட்டை என்று முடிவாம். விளக்குத்தூண் பக்கம் கூட்டமாகப் போய் வாங்கியும் ஆகிவிட்டது. பாதிப் பேருக்குக் கட்டத் தெரியாது, அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டீர்கள். உள்ளே பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது வெட்கத்தை விட்டுவிட்டு ஒட்டிக்கோ வேட்டி வாங்குங்கள். குரூப் போட்டோவுக்கு மூன்றாவது பெஞ்சில் ஏறும்போதுதான் வேட்டி கழலும். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவன் போட்டோவில் கையைக் கட்டாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான், போய் ஹாலில் மாட்டியிருக்கிற போட்டோக்களைப் பார். பெண் பிள்ளைகள் அம்மா சேலையில் ஏழு மணிக்கே தயாராகி வந்து நிற்பார்கள். நீங்கள்தான் பத்தரை வரைக்கும் மடிப்பு எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

பிளஸ் டூ என்பதே தமிழ்நாட்டில் 1978இல் வந்ததுதான். அதற்கு முன்னால் பதினோராவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும், பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்புக்குக் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். மீசை முளைத்த பையன்களை இன்னும் ஒரு வருஷம் வைத்துக் கட்டி மேய்க்கிற பாக்கியம் எங்களுக்கு அப்போதுதான் கிடைத்தது. நாங்கள் முடித்தபோது ஃபேர்வெல் என்றால் ஆளுக்கு ஒரு லட்டு, ஒரு மிக்சர், தலைமையாசிரியர் அறிவுரை. புது மண்டபத்தில் வாங்கிய கலர் கலர் தாள் ஆட்டோகிராஃப் புத்தகத்தில் எல்லாரும் ஒரே கவிதையை எழுதினோம். அந்தக் கடைகளே இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. உங்கள் ஃபேர்வெல்தான் நல்ல ஃபேர்வெல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2021 பேட்ச்சுக்கு அந்த லட்டும் இல்லை. ஜூனில் பரீட்சையே ரத்து என்று அறிவித்துவிட்டார்கள். பத்தாவதிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 30 என்று சதவீதம் பிரித்து மார்க் போட்டார்கள். அந்தப் பிள்ளைகள் ஆன்லைனில் ஒரு நாள் எங்களையெல்லாம் கூப்பிட்டு வைத்தார்கள். நான் மியூட்டை எடுக்காமலே ஐந்து நிமிஷம் மனமுருகிப் பேசியிருக்கிறேன். ஒரு பயல் அந்த வீடியோவுக்கு டப்பிங் கொடுத்து, நான் கொத்து பரோட்டா போடும் முறையைப் படிப்படியாகச் சொல்வதாக ஆக்கி எனக்கே அனுப்பினான். வாயசைவு அவ்வளவு பொருத்தம். என் வீட்டம்மா இன்னும் விருந்தாளிகளுக்கு அதைப் போட்டுக் காட்டுகிறார்.

கடைசிப் பரீட்சை அன்று இங்க் அடிக்கிற வேலை வேண்டாம். உங்கள் சட்டையில் நீங்கள் கையெழுத்துப் போட்டுக்கொள்வது உங்கள் பாடு. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற யாரோ ஒருவர் வெள்ளை வேட்டியில் ஏன் அடிக்கிறீர்கள்? நோட்டைக் கிழித்து ரோடு முழுக்கப் பறக்கவிட்டால் மறுநாள் குனிந்து பொறுக்குவது மாநகராட்சி அக்காக்கள். பீய்ச்சியே தீர வேண்டும் என்று கை ஊறினால் சித்திரை வரைக்கும் பொறு. தோல் பையைக் கட்டிக்கொண்டு போய் அழகருக்கு முன்னால் ஆசை தீரத் தண்ணீர் பீய்ச்சு, யாரும் கேட்க மாட்டார்கள். ரிசல்ட்டும் அந்தச் சமயத்தில்தான் வரும். 2025இல் மே 8 ரிசல்ட், மே 12 அழகர் ஆற்றில் இறங்கினார்.

இன்னொன்று, அழுகையைக் கொஞ்சம் மிச்சம் வை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அப்படி அழுவீர்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாசுக்கு அதே பெஞ்சில் வந்து உட்காருவீர்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக் கூச்சமாக இருக்கும். அதன் பிறகு செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பரீட்சை, மே மாதம் மார்க் ஷீட்டும் டி.சி.யும் வாங்க வருவது என்று இன்னும் பல தடவை இந்தக் கேட்டுக்குள் நுழையத்தான் போகிறாய்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு மேல் லேப் திறந்திருக்கும். உடையாத குடுவை ஒன்றும், வாய் உடைந்த பழைய ப்யூரெட் ஒன்றும் எடுத்து வைக்கிறேன், மேடைக்கு அதை வைத்துக்கொள். பர்மாங்கனேட் தர மாட்டேன், ரோஸ் மில்க் வாங்கிக்கொள். வரும்போது ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு வா. கடைசி மூன்று சோதனைக்கு நீ இன்னும் கையெழுத்து வாங்கவில்லை.

இப்படிக்கு,
உன் கெமிஸ்ட்ரி சார்